சுரூபத் தட்டு அப்பாவும் மிலான் அப்பாவும்

மிலான் விமான நிலையத்தில் என் இளைய மகள் தன் தகப்பனைக் கண்டதும் கையை நீட்டி, "ஹலோ அங்கிள்" என்றாள்.

அந்த மரியாதையைப் பழக்கியவள் நான்தான். கடலோர ஊரான ஆலங்குடாவில் முன்பள்ளி நடத்துகிறேன். எங்கள் கடலில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்க வரும் வெளிநாட்டுக்காரர் சிலபேர் பிள்ளைகளுக்கு வர்ணப் பென்சில் கொண்டுவந்து தருவார்கள். யார் வந்தாலும் கைகொடுத்து "ஹலோ அங்கிள்" சொல்ல வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். இளையவள் சூட்டி அந்தச் சட்டத்தை ஒரு பிசகும் இல்லாமல் கடைப்பிடித்தாள். என் கணவர் ஜூட் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து அந்தச் சின்னக் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேறு என்னதான் செய்வார் மனிதர்!

மூத்தவள் டிலுக்‌ஷி அதற்குள் ஓடிப்போய் அவர் கழுத்தில் தொங்கிவிட்டாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. அப்பா வள்ளத்தால் இறங்கி வருவதும், ஈரக் கையோடு தன் கன்னத்தைக் கிள்ளுவதும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. சூட்டிக்கு ஐந்து. அவர் இத்தாலிக்கு வெளிக்கிட்டபோது அவளுக்குப் பதினொரு மாதம். தங்குவதற்கான காகிதம் கையில் கிடைக்கும்வரை அவரால் அந்த நாட்டை விட்டு அசைய முடியாது. அது கிடைத்தபோது நான்கு வருடம் கடந்திருந்தது.

காகிதம் கிடைத்த அன்றே, "ரெண்டு கிழமை லீவு கேட்டு வாறன்" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ரெண்டு கிழமையில என்ன கிழிக்கப் போறீங்க? முதல் கிழமை சொந்தக்காரர் வீடு வீடாப் போவீங்க. அடுத்த கிழமை பெட்டி கட்டுவீங்க. நீங்க வர வேணாம், நாங்க வாறம்" என்று சொல்லிவிட்டேன். பள்ளி விடுமுறையோடு கொஞ்ச நாள் சேர்த்து ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள். திரும்பும்போது சூட்டி அவரை வாய் நிறைய "அப்பா" என்று கூப்பிட வேண்டும். எனக்கு மிலானில் பார்க்க வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மற்றவர்களுடைய பிள்ளைகளின் அழுகையை மூன்றே நாளில் நிறுத்துகிறவள் நான். சொந்தப் பிள்ளைக்கு ஐந்து கிழமை தாராளம் என்று நினைத்தேன்.

நகரத்துக்குள் போகும் ரயிலில் சூட்டி என் காதுக்குள் கேட்டாள்: "அப்பா எப்ப வருவார்?"

"இவர்தானே அப்பா."

அவள் எதிரே இருந்தவரை உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்த்தாள். கறுப்பு ஜக்கெட், இரண்டு நாள் தாடி, கம்பளித் தொப்பி. பிறகு என்னைப் பார்த்துப் பாவப்பட்டாள். "இல்ல அம்மா. அப்பா போனில இருக்கிறவர்."

ஜூட் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பனிமூட்டம். பார்க்க ஒன்றுமே இல்லை.

*

நாங்கள் தங்கியது சந்திரா அக்கா வீட்டில். வென்னப்புவையிலிருந்து வந்து மிலானில் இருபது வருடமாக இருக்கிற சிங்கள மனுசி. பகலில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஓர் அறையை எங்களுக்கு ஒழித்துத் தந்திருந்தார். குசினி எல்லோருக்கும் பொது. என்னை முதல் நாளே "நங்கி", அதாவது தங்கச்சி, என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் சிங்களம் தெரியாமல் சந்தைக்கும் போக முடியாது என்பதால் எனக்குக் கதைக்கச் சிரமம் இருக்கவில்லை. இத்தாலியில் ஆறுதலாக இருந்த முதல் விசயம் அதுதான்.

அந்தக் கட்டடத்து லிப்ட் கிழவி மாதிரி முனகும். இரண்டு கதவு. இறங்கிய பிறகு இரண்டையும் கையால் சாத்த வேண்டும். சாத்தாவிட்டால் லிப்ட் அங்கேயே நின்றுவிடும், வேறு மாடியில் உள்ளவர்களுக்கு வராது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் நாள் காலையில் பாண் வாங்கிவந்து இறங்கியவள், கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். கீழ் மாடியில் யாரோ லிப்ட் கதவில் அடித்துக் கூச்சல் போடுவது கேட்டது. "என்ன அக்கா சொல்லுறாங்க?" என்றேன். "எந்த மடைச்சி கதவைத் திறந்துவிட்டது என்று கேட்கிறார்கள், நங்கி" என்று சந்திரா அக்கா சிங்களத்தில் மொழிபெயர்த்தார். அன்றைக்கு மடைச்சி ஏழு மாடியும் படியால் ஏறி இறங்கினாள்.

மீன் கடையில் இன்னும் மோசம். ஐஸ் மேல் பரப்பிவைத்த சாளை மீனைக் கண்டதும் கை சும்மா இருக்குமா? செவுளைத் தூக்கிப் பார்த்தேன். கடைக்காரன் போட்ட சத்தத்தில் கடை முழுவதும் திரும்பியது. கையுறை இல்லாமல் எதையும் தொடக்கூடாதாம். எங்கள் கரையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கினால்தான் சிரிப்பார்கள். ஜூட் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, என் காதில், "நேத்துப் பிடிச்ச மீன்தானே?" என்றார். "முந்தாநேத்து" என்றேன். இரண்டுபேரும் சிரித்தோம். நான்கு வருடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று சிரித்தது அதுதான் முதல் தடவை.

தேங்காயைப் பற்றி மட்டும் கதைக்காமல் விடுகிறேன். தென்னந்தோட்டத்துக்குள் பிறந்து வளர்ந்தவள் பைக்கற்றில் வந்த காய்ந்த தேங்காய்ப்பூவில் சம்பல் இடித்தாள் என்று தெரிந்தால் எங்கள் ஊருக்குள் எனக்கு மரியாதை இராது.

முதல் நாள் பின்னேரம் செபத்துக்கு உட்கார்ந்தோம். அறையில் ஒரு கதிரைமேல் மாதா படம் வைத்து மெழுகுதிரி கொளுத்தினேன். ஜூட் சூட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். செபம் முடிந்ததும் அவள் எழும்பி என் போனை எடுத்துவந்து மாதா படத்தில் சாய்த்து வைத்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவரின் முழங்கையை மரியாதையாகத் தொட்டு, "அங்கிள், கொஞ்சம் தள்ளுங்க, அப்பா வரப்போறார்" என்றாள்.

ஜூட் தள்ளினார்.

*

மூன்றாம் நாள் டிலுக்‌ஷிதான் விசயத்தைக் கண்டுபிடித்தாள். இரண்டுபேரும் போர்வைக்குள் குசுகுசுத்துக் கொண்டிருந்தார்கள். பிறகு மூத்தவள் குசினிக்கு வந்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு சொன்னாள்: "அம்மா, அவ அப்பாவையும் அந்தோனியார் மாதிரி எண்டு நினைச்சிருக்கிறா."

சேசு மரி சூசை!

இது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் குற்றவாளி நான். எங்கள் வீட்டுச் சுவரில் புனிதர் சிலைகள் வைக்கிற ஒரு சுரூபத் தட்டு இருக்கிறது. அந்தோனியார், மாதா, இரண்டு பக்கமும் பிளாஸ்ரிக் பூ. பின்னேரம் ஏழு மணிக்குச் செபம் முடிய, பிள்ளைகள் பெரியவர்களுக்குத் தோத்திரம் சொல்வார்கள். பெரியவர்கள் நெற்றியில் சிலுவை போடுவார்கள். அப்பாவுக்கும் தோத்திரம் சொல்ல வேண்டாமா? அந்த நேரம் அங்கே பகல் இரண்டரை, அவர் வேலை செய்யும் உணவகச் சமையலறைக்கு இடைவேளை. நான் போனை அந்தத் தட்டில், அந்தோனியார் காலடியில் சாய்த்து வைப்பேன். சிக்னல் அங்கேதான் நல்லது. சூட்டிக்கு எட்டாது, போட்டு உடைக்க மாட்டாள். இதுதான் என் கெட்டித்தனம்.

அவள் பேச்சுப் பழகிய நாளிலிருந்து கண்டது இதைத்தான். மெழுகுதிரி எரியும். உயரத்தில் ஒரு மனிதர் வெள்ளைச் சமையல் சட்டையோடு, தலைக்குப் பின்னால் ரியூப் லைட் வெளிச்சத்தோடு தோன்றுவார். கையைத் தூக்கிச் சிலுவை போடுவார். எப்போதும் சிரிப்பார். ஒருநாளும் ஏச மாட்டார். அவரிடம் பொம்மை கேட்டால் இரண்டு மாதத்தில் பார்சலில் வரும். தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாரிடம் தன் அழிறப்பரைக் கேட்டு ஒரு வருடமாகியும் வரவில்லை என்பதால், அப்பாவுக்கு ஒரு படி கூடுதல் மதிப்பு.

அப்படிப்பட்டவர் இப்படி உள்ளிப்பூடு மணக்கிற கையோடு, மூக்கைச் சீறிக்கொண்டு, சோறு தின்றுகொண்டு இருப்பாரா? பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் வெட்கமாக இருந்தது. நானே ஏற்றி வைத்தேன், நானே இறக்குவேன் என்று தீர்மானித்தேன். அன்றைக்கே புதுச் சட்டம் போட்டேன்: இந்த அறைக்குள் போன் இல்லை. என்னுடையது அணைத்து அலுமாரிக்குள். ஜூட்டுக்கு வேலைக்கு வேண்டும் என்பதால் அவருடையது ஜக்கெட் பைக்குள், பிள்ளை கண்ணில் படாமல்.

சூட்டியும் ஒரு சட்டம் போட்டாள். செபத்துக்கு வாய் திறக்க மாட்டாள். முழங்காலில் இருப்பாள், கையைக் கூப்புவாள், உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள். முடிந்ததும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்து அழுவாள். "என்ர அப்பாவ எடுத்து ஒளிச்சு வச்சிருக்கிறீங்க" என்பாள். முன்பள்ளியில் என் மூன்று நாள் கணக்கு எத்தனை பிள்ளைகளிடம் வென்றிருக்கிறது! இவளிடம் ஐந்து நாளாகியும் வெல்லவில்லை.

ஜூட் தன்னால் முடிந்ததைச் செய்தார். அவளுக்கென்று வாங்கி வைத்திருந்த சிவப்பு ஜக்கெட்டை எடுத்தார். கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றது. அது மூன்று வயதுப் பிள்ளைக்குரியது. "போனில சின்னனாத்தானே தெரிஞ்சவ" என்று மெதுவாகச் சொல்லி மடித்துவைத்தார். டிலுக்‌ஷி யோசனை சொல்ல, ஒருநாள் சமையல் வெள்ளைச் சட்டையோடு வீட்டுக்கு வந்தார். சூட்டி கண்ணை அகல விரித்துப் பார்த்தாள். பிறகு என் பின்னால் ஓடி ஒளிந்து, "அம்மா, அங்கிள் அப்பாட சட்டையைக் களவெடுத்திட்டார்" என்று கத்தினாள்.

அன்று நாங்கள் இருவரும் குசினியில் சண்டை பிடித்தோம். சத்தம் போடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு. பக்கத்து அறையில் சந்திரா அக்கா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார், எங்களுக்கு வசதியாக.

"விடு ரீற்றா. பிள்ளைய அழ வச்சு எனக்கு அப்பா எண்ட பேர் வேணாம். போனைக் குடு அவவிட்ட. நான் வெளியில நிண்டு எடுக்கிறன்."

"மாட்டன்."

"ரெண்டு கிழமை போயிட்டுது. இருக்கிற நாளாவது பிள்ளை சிரிச்சுக்கொண்டு இருக்கட்டுமே."

"சிரிச்சுக்கொண்டு யாரோட? அங்கிளோடயா? நான் விமானம் ஏறி வந்தது உங்களுக்கு ஒரு மகளத் தாறதுக்கு. தராமப் போக மாட்டன்."

அவர் கத்தரிக்காயை வெட்டிக்கொண்டே இருந்தார். கறிக்குத் தேவையானதைவிட இரண்டு மடங்கு வெட்டிவிட்டார். மறுநாளும் அதையே சாப்பிட்டோம்.

*

சேசு பாலன் பிறந்த நத்தார் வந்தது. சிங்களப் பூசைக்குப் போனோம். கோயில் முழுக்க நீர்கொழும்பும் சிலாபமும் வென்னப்புவையும். வெளியே கடும் குளிர், உள்ளே எங்கள் ஊர்த் திருவிழாச் சனம். பூசை முடிந்து வாசலில் பிட்டு விற்றார்கள் என்றால் நம்புவீர்களா? உயரமான அந்த இத்தாலிய இனிப்புப் பாணையும் ஆளுக்கொரு துண்டு தின்றோம். ஜூட் பகல் முழுக்க வேலை. நத்தாருக்கு உலகமெல்லாம் சாப்பிட வருமாம், சமைக்கிறவனுக்குத்தான் நத்தார் இல்லை.

அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமை அவருக்கு ஓய்வு. மூன்று நாளாக நித்திரையே இல்லாத கண். வீட்டில் படுத்திருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஓய்வு நாள் கிழமைக்கு ஒன்றுதான். அதைப் படுக்கையில் வீணாக்க நான் தயாரில்லை. பெரிய கோயிலைப் பார்த்தோம், புறாவுக்குச் சோளம் போட்டோம், ஒரு மடக்குக் கோப்பியை நின்றபடி குடித்தோம். சூட்டி என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பின்னேரம் நான்கரை. அதற்குள்ளேயே இருட்டத் தொடங்கியிருந்தது. மரக் கதிரை போட்ட பழைய ட்ராமில் ஏறினோம். சரியான சனம். கடைசியில் இரண்டு இருக்கை கிடந்தது. சூட்டியை யன்னலோரம் இருத்தி, ஜூட்டைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன், வேண்டுமென்றேதான். அவள் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நானும் டிலுக்‌ஷியும் முன்கதவடியில் நின்றோம்.

எங்கள் தரிப்பிடம் வந்தது. "இறங்குங்க" என்று தமிழில் பின்பக்கம் கத்திவிட்டு நாங்கள் இறங்கினோம். பின்கதவால் அவர்கள் வருவார்கள் என்று பார்த்தால், கதவு பூட்டி ட்ராம் நகர்ந்தது. வெளிச்சமான யன்னல் என்னைக் கடந்துபோனது. ஜூட்டின் தலை கதிரையில் சாய்ந்து, வாய் திறந்து, நல்ல நித்திரை. அவருக்கு முன்னால் கண்ணாடியில் இரண்டு கையையும் ஒட்டவைத்துக்கொண்டு சூட்டி என்னைப் பார்த்தாள்.

ஓடினேன். புதுச் சப்பாத்து வழுக்கியது. ட்ராம் வளைவில் திரும்பி மறைந்துவிட்டது.

"அம்மா, போன் எடுங்க! அப்பாக்கு அடியுங்க!" என்றாள் டிலுக்‌ஷி.

"அலுமாரிக்குள்ள" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். வீட்டுத் திறப்புக் கொத்து அவரிடம். அவருடைய நம்பர் என் மனதில் இல்லை. சந்திரா அக்கா வேலையால் வர ஏழு மணியாகும்.

தரிப்பிடத்தில் நின்ற ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். டிலுக்‌ஷி இங்கிலீசில் விளங்கப்படுத்த, அந்தப் பெண் கையால் வட்டம் போட்டுக் காட்டினாள். கடைசி இடம்வரை போய்த் திரும்பி, எதிர்ப்பக்கத்தால் வரும்; அங்கே போய் நில்லுங்கள். பயப்படாதீர்கள். இறங்கும் இடம் தெரியாமல் எல்லோரும் ஒருநாள் கடைசிவரை போகிறவர்கள்தான்.

எதிர்ப்பக்கம் போய் நின்றோம். குளிர் காலால் ஏறியது. சூட்டிக்கு நான் சொல்லிக்கொடுத்த இன்னொரு சட்டம் ஞாபகம் வந்துவிட்டது: தெரியாத ஆளோடு ஒருநாளும் போகக்கூடாது; அம்மாவைக் காணவில்லையென்றால் அந்த ஆளை விட்டு விலகி வா. என் பிள்ளை சட்டத்தை மீறாத பிள்ளை. அடுத்த தரிப்பிடத்தில் கதவு திறந்ததும் தனியே இறங்கிவிடுவாள். இந்தப் பென்னம்பெரிய நகரத்தில், இருட்டில், ஒரு சொல் இத்தாலி தெரியாமல். மாதாவே, என் பிள்ளை அந்த மனுசனை விட்டு இறங்காமல் இருக்கட்டும் என்று கேட்டேன். வாழ்க்கையில் அப்படி ஒரு மன்றாட்டு நான் கேட்டதில்லை.

முதல் ட்ராம் வந்தது. இல்லை. இரண்டாவது வந்தது. இல்லை. "பொலிசுக்குப் போவம் அம்மா" என்று டிலுக்‌ஷி அழத் தொடங்கினாள். "இந்த இடத்த விட்டு அசைய மாட்டன்" என்றேன். மூன்றாவதிலும் இல்லை.

நான்காவது ட்ராமின் கதவு திறந்ததும் முகத்துக்கு முதல் குரல் வந்தது.

"அம்மா! இந்த அப்பாக்கு ஒண்டுமே தெரியாது!"

சூட்டி இறங்கினாள். பின்னால் அவர் இறங்கினார், ஜக்கெட் கையை அவள் பிடித்து இழுக்க இழுக்க. முகம் வெளிறி, தொப்பி கோணி, குற்றம் செய்த பிள்ளை மாதிரி நின்றார். அவள் மூச்சு விடாமல் அடுக்கினாள். "நித்திரையாப் போயிட்டார். குறட்டை விட்டவர். வாயால வீணி வடிஞ்சது. எல்லாரும் இறங்கியும் எழும்பயில்ல. ஒரு வெள்ளைக்கார அம்மம்மா எனக்குத் தோடம்பழம் தந்தவ. நான் பாதி அப்பாக்கு வச்சிருந்தன்."

என்ன சொன்னாள் என்று எனக்குச் சரியாகக் கேட்டதா? டிலுக்‌ஷியைப் பார்த்தேன். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நடுத்தெருவில் நான் முழங்காலில் இருந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தேன். இத்தாலிக்காரர் விலகி விலகிப் போனார்கள். "ஏன் அம்மா அழுறீங்க? நான்தானே கூட்டிக்கொண்டு வந்தன்" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து கால் சூடேறிய பிறகு கேட்டேன்: "தனிய இறங்கிப் போக நினைக்கயில்லையா மகள்?"

"நினைச்சன். பிறகு அவர் தனியத்தானே இருப்பார்" என்றாள்.

மிச்சத்தை ஜூட் குசினியில் வெங்காயம் உரித்தபடி சொன்னார். "நித்திரைக்குள்ள ஆரோ 'அங்கிள், அங்கிள்' எண்டு கூப்பிட்டது கேட்டது. ஆரோட அங்கிளோ எண்டு கிடந்தன். அவ என்ன செய்வா? என்ர காதைப் பிடிச்சு முறுக்கிக்கொண்டு 'அப்பா!' எண்டு ஒரே கத்தல். துடிச்சுப் பதைச்சு எழும்பிட்டன்." வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு முகத்தைத் துடைத்தார். நானும் அதையே செய்தேன்.

சூட்டியிடம் கேட்டால் அவளுக்கு அது பெரிய விசயமே இல்லை. "அங்கிள் எண்டு கூப்பிட்டா எழும்புறார் இல்லையே" என்றாள்.

*

அதற்குப் பிறகு ஜூட்டின் பாடு சொல்லி வேலையில்லை. அவருக்கு ஒரு மகள் கிடைத்தாள் என்பதைவிட ஒரு மேலதிகாரி கிடைத்தாள் என்பதே சரி. "அப்பா, தொப்பி எங்க?" "அப்பா, நித்திரை கொள்ளாதீங்க, அடுத்தது எங்கட இடம்." "அப்பா, லிப்ட் கதவைச் சாத்துங்க, ஏச்சு விழும்." வேலைக்குப் போகுமுன் அவளிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஒருநாள் சோற்றைக் கொட்டினாள் என்று அவர் ஏசியும் விட்டார். நான் பயந்தேன். அவள் அழுதாள், கோபித்தாள், "அப்பாவோட கதைக்க மாட்டன்" என்றாள். பத்து நிமிடத்தில் அவர் மடியில் இருந்தாள். ஏசுகிற அப்பாவும் அப்பாதான் என்று அவளுக்கு விளங்கிய நாள் அது.

பின்னேரச் செபத்தில் வாய் திறந்தது. முடிந்ததும் அவர் முன்னால் போய் நின்று, "தோத்திரம் அப்பா" என்றாள். அவர் பெருவிரலால் நெற்றியில் சிலுவை போட்டார். அவள் அந்தக் கையைப் பிடித்து மணந்து பார்த்து, "உள்ளி" என்றாள். கையை விடவில்லை.

சந்திரா அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "நங்கி, நீ போன பிறகு இந்த மனுசன் எப்படி இருக்கப் போகிறானோ" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவருக்கும் வென்னப்புவையில் ஒரு மகன் இருக்கிறான். அவனுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. அவர் அவனைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை.

அந்தச் சொல் எனக்குள் முள்ளாகக் கிடந்தது. வந்த வேலை முடிந்தது, நான் வென்றுவிட்டேன் என்று பெருமைப்பட்டுக் கொண்டிருந்தேனே தவிர, வென்றதற்குப் பிறகு என்ன என்று யோசிக்கவில்லை. ஜூட்டின் திட்டம் இன்னும் இரண்டு வருடம் இருப்பது. வரும்போது நானும் அதற்குத் தலையாட்டியவள்தான்.

விமான நிலையத்தில் சூட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு பரிசோதனை வரிசைவரை இழுத்துப் போனாள். அதற்கு அங்கால் அவர் வர முடியாது என்று விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. "அப்பா போனில வாறன், என்ன? ஒவ்வொரு நாளும் வாறன்" என்றார் அவர். அவள் அவர் ஜக்கெட்டின் இழுப்பானை மேலே கழுத்துவரை இழுத்துவிட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மூன்று பயணச் சீட்டும் வீணாகியிருக்கும்.

*

ஆலங்குடாவில் காற்று எங்களுக்காகக் காத்திருந்தது. வீடு முழுக்க மணல். இரண்டு நாள் கூட்டினேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் செபம் சொன்னோம். ஏழு மணிக்குப் போன் அடித்தது. பழக்க தோசத்தில் கையைத் தூக்கித் தட்டில் வைக்கப் போனவள் நின்றுவிட்டேன். மேசையில் வைத்தேன். ஜூட் வெள்ளைச் சட்டையோடு, பின்னால் ரியூப் லைட்டோடு தோன்றினார். டிலுக்‌ஷி தோத்திரம் சொன்னாள்.

"சூட்டி, வா மகள், அப்பா."

அவள் வரவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"வாங்க சூட்டி, அப்பாவப் பாருங்க" என்றார் ஜூட் உள்ளேயிருந்து.

"போனில வேணாம்" என்றாள். "அப்பாவ வீட்ட வரச் சொல்லுங்க."

மற்ற நாளென்றால் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன். பெரியவர்களுக்குத் தோத்திரம் சொல்லாமல் இருப்பது எங்கள் வீட்டில் நடவாத காரியம். ஆனால் என்ன சொல்லி இழுப்பது? இதுதான் அப்பா என்றா? ஐந்து கிழமை கஷ்டப்பட்டு, இது அப்பா இல்லை என்று விளங்கவைத்தவளே நான்.

"கேட்டுதா?" என்றேன் அவரிடம்.

"ஓம்." அவருக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. "உயிர்த்த ஞாயிறோட பெரிய கிழமைக்கு லீவு கேட்டுப் பாக்கிறன்."

"எத்தின நாளுக்கு?" என்று கதவடியிலிருந்து கேட்டாள் சூட்டி.

ஜூட் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன் என்று நினைத்தார். நான்கு வருடமாக அவருக்காக எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிச் சமாளித்தவள் நான்தானே. அன்று போனை எடுத்து, அவளுடைய முகம் அவருக்குத் தெரியும்படி கதவுப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.